யாரும் கேட்காத கால்சியம்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோடு வார்டில் படுத்திருக்கும் ஒரு அம்மாவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது ரத்தம் எடுப்பார்கள். யூரியா, கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம், ஹீமோகுளோபின், வெள்ளையணு, தட்டணு. பி.ஜி. டாக்டர்கள் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிக்கும் பட்டியல் இது. கால்சியம் இதில் கிடையாது. எலும்பு டாக்டர் கேட்பார், சிறுநீரக டாக்டர் கேட்பார், தைராய்டு ஆபரேஷன் முடிந்த மறுநாள் சர்ஜன் கட்டாயம் கேட்பார். மகளிர் புற்றுநோய் வார்டிலிருந்து கேட்டு வருவது அபூர்வம்.

நான் மதுரையில் ஒரு மருத்துவமனை லேபில் உயிர்வேதியியல் பிரிவில் இருக்கிறேன். நோயாளியைத் தொட்டுப் பார்ப்பது என் வேலை இல்லை. எனக்கு வந்து சேர்வது மஞ்சள் மூடி போட்ட குழாய், அதில் ஒட்டிய பார்கோடு, கூடவே ஒரு கசங்கிய சீட்டு. சீட்டில் வயது, வார்டு, நோயின் பெயர் இருக்கும். அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு, கேட்கப்பட்ட பரிசோதனைகளைப் பார்க்கும்போது, இங்கே கால்சியத்தையும் கேட்டிருக்கலாமே என்று பல தடவை தோன்றியிருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த ஆதங்கத்தில் எழுதுவதுதான்.

புற்றுநோயில் ரத்தக் கால்சியம் ஏறுவது மருத்துவர்களுக்குப் புதிதல்ல. நுரையீரல், மார்பகம், சிறுநீரகம், மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்று என்றால் உஷாராகவே இருப்பார்கள். கர்ப்பப்பை, கர்ப்பப்பை வாய், சினைப்பை, பிறப்புறுப்பின் வெளிப்பகுதி ஆகிய இடங்களில் வரும் புற்றுகளில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் இது வரும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அதனால் மனதில் கடைசியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. ஆனால் 2022-ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய்க் கணக்கில், இந்தியாவில் கர்ப்பப்பை வாய்ப் புற்று மட்டும் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் பேர். இறந்தவர்கள் ஏறத்தாழ 80 ஆயிரம் பேர். இந்தக் கூட்டத்தில் சிறு பங்கு என்றாலும் சில ஆயிரம் பெண்கள் ஆகிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கால்சியம் ஏறினால் வரும் தொல்லை ஒவ்வொன்றுக்கும் அந்த வார்டில் ஏற்கெனவே ஒரு காரணம் தயாராக இருக்கும். மலச்சிக்கலா? மார்ஃபின் மாத்திரை சாப்பிடுகிறார், அதுதான். வாந்தியா? போன வாரம்தான் கீமோ ஏறியது. அசதியா? ஹீமோகுளோபினே 8தான் இருக்கிறது. அடிக்கடி சிறுநீர் போகிறதா? ரேடியேஷனில் மூத்திரப்பை புண்ணாகியிருக்கும். ஆள் அசந்து அசந்து தூங்குகிறார், சம்பந்தம் இல்லாமல் பேசுகிறார் என்றால், கட்டி சிறுநீர்க் குழாயை நெருக்கி, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறியிருக்கும். இந்தக் காரணங்கள் எதுவும் பொய்யில்லை. பல நேரம் அதுவே உண்மையாகவும் இருக்கும். அப்புறம் கால்சியத்தைப் பற்றி யாருக்கு நினைப்பு வரும்?

சில வருஷங்களுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா, அறுபதைத் தாண்டியவர். கர்ப்பப்பை வாயில் புற்று வந்து, ரேடியேஷனும் கீமோவும் முடித்து, கொஞ்ச காலம் வீட்டில் நன்றாக இருந்துவிட்டு, மறுபடி இடுப்புக்குள் கட்டி வளர்ந்து வந்து சேர்ந்திருந்தார். கிரியேட்டினின் 2.1. ஸ்கேனில் ஒரு பக்கச் சிறுநீரகம் லேசாக வீங்கியிருந்தது. மயக்கத்துக்குச் சிறுநீரகம்தான் காரணம் என்று வார்டில் எழுதி வைத்திருந்தார்கள். ரிப்போர்ட் வாங்க மகன் கீழே வந்தார். சாதாரணமாக நான் கவுன்ட்டருக்குப் போவதில்லை. அன்று அங்கே இருந்த பெண் சாப்பிடப் போயிருந்தாள்.

"அம்மா என்னைய மாமா பேரச் சொல்லிக் கூப்பிடுறாங்க மேடம். மாமா செத்தே பத்து வருசமாச்சு" என்றார்.

"தண்ணி குடிக்கிறாங்களா?"

"அதெல்லாம் குடிக்கிறாங்க. வாய் காயுது காயுதுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ராத்திரி பூரா மூத்திரம். ரெண்டு நாளா அதையும் கேக்கல, தூங்கிக்கிட்டே இருக்காங்க."

சிறுநீர் போகும் வழி அடைபட்டு கிரியேட்டினின் ஏறியிருக்கும் ஒருவர் ராத்திரி பூராவும் சிறுநீர் கழிப்பது எனக்கு உதைத்தது. ஒரு பக்கம் மட்டும் அடைத்திருந்தால் அப்படி நடக்கலாம்தான். ஆனாலும் தாகம், சிறுநீர், தூக்கம் மூன்றும் ஒரு வரிசையில் வந்திருக்கின்றன. வார்டுக்கு போன் போட்டேன். "டாக்டர், காலையில வந்த சாம்பிள் இங்கேயே இருக்கு. கால்சியமும் ஆல்புமினும் சேர்த்துப் போட்டுடட்டுமா?" அந்தப் பையன் நல்ல பையன். "போடுங்க மேடம்" என்றான்.

கால்சியம் பார்ப்பது பெரிய வித்தை இல்லை. ஆர்செனாசோ என்றொரு சாயம் இருக்கிறது. கால்சியத்தைப் பிடித்துக்கொண்டதும் நீலமாகும். அந்த நீலம் எவ்வளவு அடர்த்தி என்று மெஷின் பார்க்கும். பத்து நிமிடத்தில் எண் வந்துவிடும். வந்தது 13.6. டெசிலிட்டருக்கு 8.5-லிருந்து 10.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டிய சரக்கு.

இப்படி ஒரு எண் வந்தால் உடனே நம்பிவிடவும் மாட்டோம். நரம்பு கிடைக்காமல் கையில் ரப்பர் பட்டையை ரொம்ப நேரம் இறுக்கிக் கட்டி வைத்திருந்தால், அந்த இடத்து ரத்தம் கெட்டியாகி, புரதமும் அதோடு ஒட்டிய கால்சியமும் கூடுதலாகக் காட்டும். நேர்மாறான கூத்தும் நடக்கும். ஊதா மூடிக் குழாயில் இருந்த ரத்தத்தை யாராவது மஞ்சள் மூடிக் குழாயில் ஊற்றிவிட்டால், ரத்தம் உறையாமல் இருக்க ஊதாக் குழாயில் போட்டிருக்கும் பொட்டாசியம் உப்பு கால்சியத்தை முழுங்கிவிடும். கால்சியம் 3, பொட்டாசியம் 14 என்று உயிரோடு இருக்கும் மனிதருக்குச் சாத்தியமே இல்லாத ரிப்போர்ட் வரும். அதனால் இரண்டாம் தடவை ஓட்டினேன். புது சாம்பிளும் கேட்டு வாங்கினேன். 13.5. ஆல்புமின் 2.5.

ஆல்புமின் ஏன் கேட்கிறோம் என்பதை இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் கால்சியத்தைக் கேட்கும் டாக்டர்கள்கூட இந்த இடத்தில் வழுக்குகிறார்கள். ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தில் கிட்டத்தட்டப் பாதி, ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சும்மா திரிவது. வேலை செய்வது, தொல்லை கொடுப்பது எல்லாம் ஒட்டாமல் தனியாக இருக்கும் பகுதி. மாதக்கணக்கில் சாப்பிட முடியாமல் கிடக்கும் புற்றுநோயாளிக்கு ஆல்புமின் குறைந்திருக்கும். அப்போது மொத்தக் கால்சியமும் குறைவாகத் தெரியும். ஒட்டாத பகுதி கூடியிருப்பது வெளியே தெரியாது. அதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு: ஆல்புமின் 4-லிருந்து எத்தனை கிராம் குறைகிறதோ, கிராமுக்கு 0.8 வீதம் கால்சியத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும். அந்த அம்மாவுக்கு ஒன்றரை கிராம் குறைவு, ஆகவே 1.2 கூட்ட வேண்டும். 13.6 என்பது உண்மையில் 14.8. 14-ஐத் தாண்டினால் கடுமையான நிலை.

இதைவிட மோசம், நார்மலுக்குள் ஒளிந்துகொள்ளும் எண்கள். கால்சியம் 10.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் எந்தக் கொடியும் போடாது, கணினியில் கறுப்பு எழுத்திலேயே போகும். ஆல்புமின் 2 என்றால் சரிசெய்த கணக்கு 11.8. ரிப்போர்ட்டைப் புரட்டும் டாக்டர் சிவப்பு எழுத்தைத்தான் தேடுவார். இதைத் தாண்டிப் போய்விடுவார். இந்தக் கைக்கணக்கும் அப்படியொன்றும் துல்லியமானது இல்லை. சந்தேகம் என்றால் ரத்த வாயு பார்க்கும் மெஷினில் ஒட்டாத கால்சியத்தையே நேராக அளந்துவிடலாம். அந்த மெஷின் ஐ.சி.யூ. இருக்கும் பெரும்பாலான மருத்துவமனைகளில் இருக்கும். இருந்தும் கேட்பதில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

எல்லைக்கோட்டைத் தாண்டிய எண்களை லேப் சும்மா அனுப்பிவிடக் கூடாது. போன் செய்து சொல்ல வேண்டும், எடுத்தவர் எண்ணைத் திரும்பச் சொல்ல வேண்டும், நேரத்தையும் பெயரையும் பதிவேட்டில் எழுத வேண்டும். சொன்னேன். சிஸ்டர் திரும்பச் சொன்னார். ரிப்போர்ட்டை மகன் கையில் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் முகம் தெளிந்து கேட்டார்: "கால்சியம் கூடுதலா இருக்குன்னா எலும்பு நல்லா ஸ்ட்ராங்கா இருக்குன்னுதான மேடம்?"

அவரைக் குறை சொல்ல முடியாது. பாலில் கால்சியம், கேழ்வரகில் கால்சியம், முருங்கைக் கீரையில் கால்சியம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நாற்பது தாண்டிய பெண்ணுக்கு டாக்டர் எழுதும் முதல் மாத்திரையே அதுதான். அது கூடினால் ஆபத்து என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நடப்பதோ நேர் எதிர். வளர்ந்த மனித உடம்பில் சுமார் ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது, அதில் 99 சதவீதம் எலும்பில். ரத்தத்தில் ஓடுவது துளி. அந்தத் துளி கூடியிருக்கிறது என்றால் பெரும்பாலும் எலும்பு கரைந்து வெளியே வருகிறது என்று அர்த்தம்.

எலும்பில் புற்று பரவியவர்களுக்குத்தான் இப்படி என்று நினைத்தால், அதுவும் சரியில்லை. இந்த இடத்தில் ஒரு பழைய கதை. 1941-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஃபுல்லர் ஆல்பிரைட் என்ற மருத்துவர் ஒரு சிறுநீரகப் புற்றுநோயாளியின் வழக்கை அலசினார். கால்சியம் மிக அதிகம், ஆனால் பாஸ்பரஸ் குறைவு. எலும்பு வெறுமனே அரிக்கப்பட்டிருந்தால் இரண்டும் சேர்ந்துதான் வெளியே வந்திருக்கும். பாஸ்பரஸ் மட்டும் ஏன் குறைய வேண்டும்? கழுத்தில் இருந்துகொண்டு ரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோன் கூடும்போதுதான் அப்படி ஆகும். அப்படியானால் இந்தக் கட்டியே அந்த ஹார்மோனைப் போன்ற ஒன்றைச் சுரக்கிறதோ என்று அவர் கேட்டார். கையில் ஒரு எண் கூடியிருந்தது, ஒரு எண் குறைந்திருந்தது, அவ்வளவுதான். லேப்காரர்களுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

அந்தப் பொருளைக் கையில் பிடிக்க நாற்பத்தாறு வருஷம் ஆயிற்று. 1987-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் ஜான் மார்ட்டின் குழுவினர் ஒரு நுரையீரல் புற்று செல் வளர்ப்பிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். தலைப்பகுதியில் வரும் 13 அமினோ அமிலங்களில் 8 பாராதைராய்டு ஹார்மோனோடு அப்படியே பொருந்தின. அதனால் எலும்பும் சிறுநீரகமும் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கின்றன. எலும்பு கரையத் தொடங்கும்; சிறுநீரகம் கால்சியத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். கட்டி எலும்பைத் தொடவே வேண்டாம், இடுப்புக்குள் இருந்தபடியே இதைச் செய்துவிடும். புற்றுநோயில் வரும் கால்சிய ஏற்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு இந்த வகை. கர்ப்பப்பை வாயிலும் பிறப்புறுப்பின் வெளிப்பகுதியிலும் வரும் செதிள் செல் புற்றுகள் இதைச் சுரக்கக்கூடியவை. சினைப்பையில் தெளிசெல் வகை என்று ஒன்று, ஜப்பானில் கூடுதலாகக் காணப்படுவது, அதுவும்.

என்னை யோசிக்க வைத்தது, இந்தப் பொருள் புற்று கண்டுபிடித்த விஷமே இல்லை என்பது. நம் எல்லோர் உடம்பிலும் உண்டு. வயிற்றில் இருக்கும் குழந்தைக்குத் தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் கால்சியத்தைத் தள்ளிவிடுவதில் இதற்குப் பங்கு இருக்கிறது. தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் மார்பகம் இதைச் சுரந்து, தாயின் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துப் பாலில் சேர்க்கிறது. பிள்ளை பால் மறந்ததும் அடங்கிவிடும், எலும்பும் பழையபடி ஊறிவிடும். பிள்ளைகள் பெற்று வளர்த்த அந்த உசிலம்பட்டி அம்மாவின் எலும்பு ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்படிக் கொஞ்சம் கரைந்து திரும்பி வந்திருக்கும். கட்டி கேட்கும்போது நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை.

மகனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "எலும்புல இருந்து கரைஞ்சு வந்துருக்கு, அதுதான் அம்மாவைத் தூங்க வைக்குது. மேல டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், உடனே ட்ரிப்ஸ் போடுவாங்க" என்றேன்.

முதல் வைத்தியம் சாதாரண சலைன்தான். கால்சியம் கூடினால் சிறுநீரகத்தால் தண்ணீரைத் தேக்கி வைக்க முடியாது. சிறுநீர் கொட்டும், உடம்பு வறளும். வறண்டால் சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையும், கால்சியம் வெளியேறுவதும் குறையும், இன்னும் ஏறும். விழிப்பாக இருக்கும்வரை தாகம் எடுத்துக் குடித்துச் சமாளிப்பார்கள். மயக்கம் வந்த பிறகு குடிக்கவும் முடியாது. அங்கிருந்து சறுக்கல் வேகம். மணிக்கு 200, 300 மில்லி என்று சலைன் ஏற்றுவது இந்தச் சுற்றை உடைக்கத்தான். இதயம், சிறுநீரகம் பார்த்து அளவைக் குறைப்பார்கள். முன்பெல்லாம் சலைனோடு சேர்த்துச் சிறுநீர் பிரிக்கும் ஊசியையும் வழக்கமாகப் போடுவார்கள். நீர் கோத்துக்கொண்டால் தவிர இப்போது அது வேண்டாம் என்கிறார்கள். வறண்டு கிடப்பவரை மேலும் வறளச் செய்யும் பழக்கம் அது, போனது நல்லது.

அடுத்தது கால்சியத்தை இறக்கும் ஹார்மோனான கால்சிடோனின். மருந்தாகப் போடுவது சால்மன் மீனுடைய கால்சிடோனினின் வடிவம். நாலைந்து மணி நேரத்தில் வேலை காட்டும், இரண்டு நாளில் உடம்பு பழகிக்கொண்டு பலன் போய்விடும். அந்த இரண்டு நாள் இடைவெளிக்குத்தான் அது. ஏனென்றால் முக்கிய மருந்தான சோலெட்ரானிக் அமிலம் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு நாள் ஆகும். நாலு மில்லிகிராம், கால் மணி நேர ட்ரிப்ஸ். எலும்பைக் கரைக்கும் செல்களை முடக்கிவிடும். 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இது போட்டவர்களில் நூற்றுக்கு 88 பேருக்குப் பத்தாம் நாளுக்குள் கால்சியம் இயல்புக்கு வந்திருந்தது. அதற்கு முன் புழங்கிய பாமிட்ரோனேட்டில் 70. சிறுநீரகம் ரொம்பக் கெட்டிருந்தால் இதைக் கொடுக்க யோசிப்பார்கள். அப்போதும், சோலெட்ரானிக் கேட்காதபோதும் டெனோசுமாப் ஊசி. அது சிறுநீரகம் வழியாகப் போவதில்லை. 2023-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் டெனோசுமாபையே முதலில் யோசிக்கச் சொல்கிறது. நம் ஊரில் விலையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். இரண்டிலுமே கால்சியம் அளவுக்கு மீறி இறங்கிவிடவும் வாய்ப்பு உண்டு. விரல் மரத்துப்போகிறது, வாயைச் சுற்றி ஊர்கிறது என்று நோயாளி சொன்னால் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும்.

அந்த அம்மாவுக்கு சலைன் ஏற ஏற கிரியேட்டினினே 1.4-க்கு இறங்கியது. சிறுநீரகத்தின் மேல் போட்ட பழியில் பாதி, வறட்சியால் வந்தது. மறுநாள் சோலெட்ரானிக் போட்டார்கள், அன்று இரவு காய்ச்சல் அடித்தது. அந்த மருந்துக்கு அது வழக்கம். நாலாம் நாள் சரிசெய்த கால்சியம் 11.1. மகன் ரிப்போர்ட் வாங்க வந்தபோது சிரித்துக்கொண்டே வந்தார்.

"அம்மா எந்திரிச்சு உக்காந்துட்டாங்க. எந்திரிச்சதும் கேட்ட மொத கேள்வி, தெக்குத் தெருக்காரன் வட்டி குடுத்தானான்னு."

ஊரில் சின்னச் சின்னதாகப் பணம் கொடுத்து வாங்கும் அம்மாவாம். யார் யாருக்கு எவ்வளவு என்பது எந்த நோட்டிலும் இல்லை, முழுக்க மண்டைக்குள். அந்த வாரம் பூராவும் மகன் ஒரு நாற்பது பக்க நோட்டை வைத்துக்கொண்டு படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். யாரிடம் கண்டிப்பாக வாங்க வேண்டும், யாரிடம் கேட்கவே கூடாது என்பதையும் சொல்லியிருக்கிறார். புற்று போகவில்லை, யாரும் போகும் என்று சொல்லவும் இல்லை. ஆள் ஆளாகத் திரும்பி வந்து தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டார். ஒரு பத்து நிமிட டெஸ்ட்டும் ஒரு ட்ரிப்ஸும் கொடுத்த லாபம் அது.

வீட்டுக்குப் போகும்போது சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார்கள். பாலை நிறுத்தணுமா, கேழ்வரகுக் கூழ் கொடுக்கலாமா, மீன் குழம்பு? இந்த ஹார்மோன் வகையில் குடல் வழியாகக் கால்சியம் உள்ளே வருவது ஏற்கெனவே குறைந்துதான் இருக்கும். கரைவது எலும்பு. அதனால் அரை டம்ளர் பாலை நிறுத்தி ஒரு பிரயோஜனமும் இல்லை. எதையும் சாப்பிட முடியாத மனுஷிக்குப் பிடித்த ஒன்றையும் பிடுங்கிக்கொள்வதுதான் நடக்கும். சினைப்பையில் வரும் டிஸ்ஜெர்மினோமா போன்ற சில அபூர்வக் கட்டிகள் வைட்டமின் டி-யின் வீரியமான வடிவத்தை உண்டாக்கிக் கால்சியத்தை ஏற்றும். அதில்தான் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் ஸ்டீராய்டும் பேசப்படும். நிறுத்த வேண்டியது மாத்திரைகளை. கால்சியம் மாத்திரை, வைட்டமின் டி சாஷே, சில ரக ரத்த அழுத்த மாத்திரைகள், சுண்ணாம்புச் சத்துள்ள அசிடிட்டி மாத்திரைகள். எலும்பு வலி என்றதும் யாரோ எழுதிக் கொடுத்த கால்சியம் மாத்திரையை ஆறு மாதமாக விடாமல் விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. அந்த அம்மா கேட்டனுப்பியது வேறு: வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவலாமா? வெற்றிலைச் சுண்ணாம்பால் கால்சியம் ஏறியவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது, ஆனால் அதெல்லாம் நாள் பூராவும் குதப்புகிறவர்கள். டாக்டரிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். டாக்டர் சிரித்துவிட்டு, தொட்டுக்கொள்ளட்டும் என்றாராம்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூரிலும் கனடாவிலும் கால்சியத்தை மில்லிமோல் கணக்கில் எழுதுவார்கள். அங்கே நார்மல் ஏறக்குறைய 2.2-லிருந்து 2.6. இங்கிருந்து வாட்ஸாப்பில் போகும் ரிப்போர்ட்டில் 10 என்று பார்த்ததும் பதறி அழைத்தவர்கள் உண்டு. நம் எண்ணை நாலால் வகுத்தால் அவர்கள் எண் கிடைத்துவிடும்.

இதே விஷயத்தில் முற்றிலும் வேறொரு முகமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. சினைப்பையில் வரும் சிறுசெல் புற்று ஒன்றின் பெயரிலேயே கால்சியம் இருக்கிறது. மிகை கால்சிய வகை என்றே பெயர். 1982-இல் ராபர்ட் ஸ்கல்லியும் அவருடைய சகாக்களும் தனி நோயாக விவரித்தது. அதே பாஸ்டன் மருத்துவமனை. மிக அபூர்வம். ஆனால் வருவது இளம்பெண்களுக்கு. சராசரி வயது 24. மூன்றில் இரண்டு பேருக்குக் கால்சியம் ஏறியிருக்கும், பெரும்பாலும் அதனால் ஒரு தொல்லையும் தெரியாமல். 2014-இல் ஒரே சமயத்தில் பல குழுக்கள் இதன் மரபணுவைக் கண்டுபிடித்தன, எஸ்மார்க்கா4 என்று பெயர். சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வருகிறது. கல்லூரி வயதுப் பெண்ணுக்குச் சினைப்பையில் கட்டி என்றால் சி.ஏ. 125, ஏ.எஃப்.பி., எல்.டி.ஹெச். என்று கட்டியைத் துப்பறியும் ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் எழுதுகிறார்கள். சேர்த்துக் கால்சியமும் எழுதினால் அந்தப் பட்டியலிலேயே மலிவானது அதுவாகத்தான் இருக்கும். ஏறியிருந்தால் நோயியல் மருத்துவருக்கு ஒரு துப்பு. கட்டியை எடுத்ததும் சில நாளில் இறங்கிவிடும். பின்னாளில் மறுபடி ஏறினால், ஸ்கேனுக்கு முன்பே சந்தேகப்பட ஒரு காரணம் கிடைக்கிறது.

பாராதைராய்டு சுரப்பியிலேயே கோளாறா, கட்டியின் வேலையா என்று பிரிக்க, உண்மையான பாராதைராய்டு ஹார்மோனை அளந்தால் போதும். கட்டியின் வேலை என்றால் அது அடங்கிக் கிடக்கும். மெல்பர்னில் கண்டுபிடித்த அந்தப் பொருளை அளக்கும் டெஸ்ட்டும் இருக்கிறது, ஆனால் தனிக் குழாய், ஐஸ், வெளியூர் லேப், பல நாள் காத்திருப்பு. அந்த ரிப்போர்ட் வரும்வரை வைத்தியத்தை நிறுத்தி வைக்கக் கூடாது.

உசிலம்பட்டி அம்மாவுக்கு ஐந்தாறு வாரத்தில் மறுபடி ஏறியது. கட்டி இருக்கும்வரை அது திரும்பி வரும்; மருந்து தாமதப்படுத்தத்தான் செய்கிறது. இந்தக் கட்டத்தில் கால்சியம் ஏறுவது நோய் முற்றிவிட்டதற்கு அடையாளம் என்பதும், பலருக்கு மிச்சம் இருப்பது வாரங்களோ சில மாதங்களோதான் என்பதும் டாக்டர்களுக்குத் தெரியும். இரண்டாம் தடவையும் சோலெட்ரானிக் போட்டார்கள், முன்பு போல் இறங்கவில்லை. மூன்றாம் தடவை வலி நிவாரணப் பிரிவு டாக்டரம்மா குடும்பத்தை உட்காரவைத்துப் பேசினார். மயக்கம் ஆழமாகியிருக்கிறது, வலி தெரியவில்லை, மறுபடி ஊசி, ரத்தம், ட்ரிப்ஸ் என்று போனால் எத்தனை நாள் கிடைக்கும், அந்த நாள் எப்படிப்பட்டதாக இருக்கும். மகள் இன்னும் ஒரு தடவை பார்க்கலாம் என்றாராம். மகன், கணக்கெல்லாம் முடிச்சிட்டுத்தான் படுத்திருக்கு, விடுங்க என்றாராம். அதன் பிறகு அவர்கள் பெயரில் எங்களுக்குச் சாம்பிள் வரவில்லை. வேண்டாம் என்று தெரிந்து விடுவதை நான் தப்பு சொல்லவே மாட்டேன். பார்க்காமலே விடுவதைத்தான் சொல்கிறேன். முதல் தடவையே கிரியேட்டினின் தலையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டிருந்தால் அந்த நோட்டு எழுதப்பட்டிருக்காது.

வீட்டில் இப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்கள், தாகமும் சிறுநீரும் கூடி, மலம் இறுகி, நாலைந்து நாளில் பேச்சு மாறினால், "கால்சியமும் ஆல்புமினும் பார்த்தாச்சா?" என்று டாக்டரிடம் கேட்கலாம். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. பெரும்பாலும் "அட, பார்த்துடலாம்" என்றுதான் பதில் வரும்.

எங்கள் இடத்தில் அதன் பிறகு மகளிர் புற்றுநோய் வார்டு சீட்டில் கால்சியத்துக்கும் ஆல்புமினுக்கும் தனிக் கட்டம் அச்சடித்துக் கொடுத்தோம். சில மாதம் ஒழுங்காக டிக் விழுந்தது. புது பி.ஜி. பேட்ச் வந்ததும் கட்டம் மறுபடி காலியாக வர ஆரம்பித்தது. "சாம்பிள் இங்கேயே இருக்கு டாக்டர், சேர்த்துப் போட்டுடட்டுமா?" என்று போன் போட்டுக்கொண்டிருக்கிறேன். சிலர் நன்றி சொல்கிறார்கள். சிலர் எதற்கு என்று கேட்கிறார்கள். கேட்பவர்களிடம்தான் நான் கொஞ்சம் கூடுதல் நேரம் பேசுவது.